மாமாவுக்கு மாட்டிய கோட்டு

1

என் மாமனார் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், சிங்கப்பூர் போயும் இவளுக்கு வாய் குறையவில்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கணவரின் அக்கா சாரதா எங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கிளமெண்டியில் இருக்கிறார். அங்கிருந்து எம்ஆர்டி ரயிலில் ஒரு பெரிய படச்சட்டத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டே வந்திருந்தார். நம்மூர்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு கடையில் செய்யக் கொடுத்தாராம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் முதல் வருஷத் திதி. படையலுக்குப் படம் வேண்டுமே என்று யாரையும் கேட்காமல் முந்திக்கொண்டார்.

சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே ஒருவர் நீலக் கோட்டும் சிவப்பு டையும் கட்டிக்கொண்டு, பின்னால் வெல்வெட் திரை தொங்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறம். முடி ஒரு இழை கலையவில்லை. மாமாவுக்கு முன்பல் ஒன்று விழுந்து வருஷக்கணக்காகிறது. படத்தில் அதையும் கட்டிவிட்டிருந்தார்கள்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் அண்ணி.

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் யாழினி அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது. தமிழில் ஒரு முழு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தால் நாங்கள் பாயசம் வைப்போம். அன்றைக்கு வந்தது, இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துக்கொண்டு.

"அம்மா, இது தாத்தா இல்ல லா."

யாரோ அங்கிள் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தப் படம்தான் இனி எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும். திதிக்குத் திதி இதற்குத்தான் மாலை. நாளைக்கு என் மகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்த யாரோ அங்கிளைத்தான் கொள்ளுத்தாத்தா என்று விழுந்து கும்பிடும். ஒரு மனிதர் ஒரு முறை செத்தது போதாதா?

2

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் இது புதிதில்லை, எனக்கும் தெரியும். தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு கோட்டுக்காரர் இருப்பார். இடுப்பு வேட்டியைத் தவிர வேறு எதையும் அறியாத வெற்றிலைக் கொடிக்கால்காரர், செத்த பதினாறாம் நாள் டை கட்டிக்கொண்டு வந்து நிற்பார். செத்துப்போனால் மேலே போகும்போது எல்லோருக்கும் ஒரு கோட்டு கொடுப்பார்கள் என்றே சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். கோட்டு அளவு சரியில்லாமல் கழுத்து ஒரு பக்கமும் காலர் ஒரு பக்கமுமாக இருக்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். பெரியவர்கள் தலையில் குட்டுவார்கள்.

அது அங்கே. அந்த ஆட்களுக்கு வேறு படமே கிடையாது. வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகத்துக்குக் கீழே ஏதாவது ஓர் உடம்பு வேண்டியிருந்தது. இங்கே அப்படியா? வீட்டில் ஆளுக்கொரு போன். மாமா சிரிக்கிற படம், தூங்குகிற படம், குரங்கோடு சண்டை போடுகிற படம் எல்லாம் கிடக்கிறது. அத்தனையும் இருக்க, இருக்கிற உடம்பை வெட்டி எறிந்துவிட்டு யாருடைய கோட்டையோ ஒட்டுகிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது?

3

வெட்டி எறிந்தது எந்த உடம்பு என்று சொல்லிவிடுகிறேன்.

மாமா சிங்கப்பூரிலேயே பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றார். நான் கல்யாணமாகி வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. மாமா வீட்டில் இருந்த நேரத்தைவிட வெளியே இருந்த நேரம்தான் அதிகம். தூண்டில், நீல நிற ஐஸ் பெட்டி, ஒரு கூடாரம், ஒரு பழைய சைக்கிள். சாங்கியில் மோட்டார் படகு ஏறினால் புலாவ் உபின் தீவு. அங்கேதான் அவருடைய உண்மையான வீடு என்று என் கணவர் செல்வம் சொல்வார். மழை பெய்தால் நாம் எல்லோரும் சன்னலை அடைப்போம். மாமா செருப்பைத் தேடுவார்.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், வெளியே போய்வரலாம் கிளம்பும்மா என்றார். பெரிய கடைத்தெருவுக்கு என்று நினைத்து நான் பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செல்வமும் சொல்லவில்லை, அந்தப் பாவி. படகில் ஏற்றி உபினுக்குக் கொண்டுபோய் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறக்கிவிட்டார்கள். முழங்கால் வரை புதைந்தேன். ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. மாமா தோள்பட்டை வரை கையை விட்டு அதைத் துழாவி எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, என் முன்னால் வைத்துவிட்டுத் தூண்டில் போடப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்து, என்னை எங்கேயோ காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டாய் என்று அழுதேன்.

பிறகு நானே பல தடவை போனேன். மீனுக்காக இல்லை. அங்கே மாமாவைப் பார்ப்பதற்கு. வீட்டில் ஓரமாக ஒதுங்கி நடக்கிற மனிதர் அங்கே கை வீசி நடப்பார். பாட்டு வேறு பாடுவார், கேட்கச் சகிக்காது. சின்ன மீன் மாட்டினால் கொக்கியைக் கழற்றி, போய்ப் பெரிசாகிட்டு வா என்று தண்ணீரில் விடுவார். காட்டுப்பன்றி வந்து அவருடைய ரொட்டியைப் பையோடு தூக்கிக்கொண்டு போனபோது பின்னாலேயே ஓடி, பையை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார். கூடாரம் போட இப்போது போனில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு யாழினியைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லுவார். அவளும் கூடவே போவாள். பன்னிரண்டு வயது வரைதான். அதற்குப் பிறகு சனிக்கிழமையைக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமையை அறிவியல் டியூஷன் எடுத்துக்கொண்டது. இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைக்கும், ஒரு சும்மா நாள் மட்டும் கிடைக்காது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் நெற்றியில் ஒரு கோடு இருந்தது. எப்போதும் தொப்பி போட்டிருப்பார். தொப்பி விளிம்பு படுகிற இடத்தில் நெற்றி இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழே வெயிலில் காய்ந்து காய்ந்து புளியங்கொட்டைக் கறுப்பு. மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெளுப்பு. தாத்தாவுக்கு ரெண்டு கலர் என்று யாழினி சின்னதில் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டி விளையாடுவாள். வெளியே கிளம்பும்போது திருநீற்றை அந்த வெள்ளைப் பட்டையில்தான் பூசிக்கொள்வார். அதற்கு மேல் தொப்பி. கடல், மழை, வியர்வை எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றினால் காலையில் பூசிய திருநீறு அங்கேயே இருக்கும்.

அண்ணி கடைக்குக் கொடுத்த படம் உபினில் செல்வம் எடுத்தது. முழங்கால் வரை சேறு, தொப்பி முதுகுப் பக்கம் கயிற்றில் தொங்குகிறது, இரண்டு கையிலும் ஏந்திய ஒரு பெரிய கொடுவா மீன், பல் போன இடம் தெரியச் சிரிப்பு. நெற்றிக் கோடு பளிச்சென்று தெரியும். கடைக்காரர்கள் மீனை எடுத்தார்கள், சேற்றை எடுத்தார்கள், சிரிப்பை மூடினார்கள். கடைசியாக நெற்றிக் கோட்டுக்குக் கீழே இருந்த முகத்தையும் கோட்டுக்கு மேலே இருந்த நிறத்துக்கு ஏற்றி, அந்தக் கோட்டையே அழித்துவிட்டார்கள்.

4

கோபம் இந்தப் படத்தால் மட்டும் வந்ததில்லை. கடைசி ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்தது.

மாமா குளியலறையில் விழுந்தார். மறுபடியும் விழுந்தார். தனியாக விடக்கூடாது என்றார் மருத்துவர். நானும் செல்வமும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து பிளாக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பகல்நேர நிலையம் ஒன்று இருந்தது, அதில் சேர்த்தோம். அங்கே வேலை பார்த்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவுக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் போய் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. விழுந்துவிடுவாராம். மரத்தடியில் விழுந்தால் என்ன, உலகம் கவிழ்ந்துவிடுமா?

இவர் மீன் பிடிப்பவர் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஆசையாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். தொலைக்காட்சித் திரையில் மீன்பிடி விளையாட்டு. கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்து ஆட்டச் சொன்னார்கள். திரையில் மீன் துள்ளியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவரை அழைத்துவரப் போன நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் லிஃப்டில் மெதுவாகக் கேட்டார்:

"கலா, புடிச்ச மீன எங்க வெச்சிருக்காங்க?"

அவர் புத்தி தடுமாறிக் கேட்டாரா, கேலியாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதே மாதம் எங்கள் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் இருந்த சைக்கிளிலும் தூண்டில் கழிகளிலும் குடியிருப்பு நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. நடைபாதையில் பொருள் வைக்கக்கூடாது, தீ விபத்து நேரத்தில் இடைஞ்சல், அகற்றாவிட்டால் நாங்களே அகற்றுவோம். சைக்கிளை ஒருவருக்குக் கொடுத்தோம். கழிகளை பாம் ஷெல்டரில் வைத்தேன். இங்கே ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் கனத்த இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருக்கும். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. நாங்கள் அரிசி மூட்டையும் சூட்கேஸும் வைத்திருக்கிறோம். மாமா ஒரு நாள் அந்த இரும்புக் கதவைத் திறந்து கழிகளைப் பார்த்தார். மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உயிரோடு இருக்கும்போதே ஆளை உள்ளே அடைத்தாகிவிட்டது. செத்த பிறகு படச்சட்டத்துக்குள்ளும் அடைக்கிறார்கள், திரை போட்டு. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

5

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு படத்தோடு தேக்காவுக்குப் போனேன். பூக்கடைகளைத் தாண்டி, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. கணினி முன்னால் இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். பட்டுக்கோட்டைக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. ஊர்க்காரர் என்றதும் எனக்குக் கோபம் இரட்டிப்பானது.

இதை யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். அவர் பதறவில்லை. எல்லோரும் கேட்பதுதான் அக்கா என்று கணினியில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகக் கோட்டுகள். தலையில்லாத கோட்டுகள். நீலம், கறுப்பு, சாம்பல், கட்டம் போட்டது. ஜிப்பாவும் இருந்தது, பட்டுச் சட்டையும் இருந்தது. ஒரு பனியன் இல்லை.

"நிறத்த ஏன் மாத்துனீங்க?"

"அவங்கதான் சொன்னாங்க அக்கா. ரொம்ப கறுப்பா இருக்காரு, கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்கன்னு."

"நெத்தியில ஒரு கோடு இருந்துச்சே, அது?"

ஏதோ நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாமாவை அவர் பார்த்தாரா? பழையபடி பல்லில்லாமல், கறுப்பாக, நெற்றிக் கோட்டோடு, மீனோடு போட்டுத்தர முடியுமா என்றேன். ஆர்டர் சாரதா மேடம் பெயரில் இருக்கிறது, அவர் சொன்னால் செய்யலாம் என்றார். நான் மருமகள் என்றேன். மன்னிக்க வேண்டும், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் என்றார். இந்த ஊர்க் காற்று பட்டால் பட்டுக்கோட்டையும் இப்படித்தான் பேசும் போல.

6

தேக்காவிலிருந்து நேராகக் கிளமெண்டிக்குப் போனேன். அண்ணி வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தனியாக இருக்கும்போதும் கூடத்தில் ஏர்கான் ஓடிக்கொண்டே இருக்கும், எனக்கு அங்கே எப்போதும் குளிரும். காப்பி கொடுத்தார். குடிக்காமல் வைத்துவிட்டுக் கேட்டேன். மாமா கறுப்பாக இருந்தது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதா அண்ணி என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று செல்வம் சொல்கிறார். கேட்டதில் எனக்கு வருத்தமில்லை.

அண்ணி முதலில் சம்பந்தி வீட்டைச் சொன்னார். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை படையலுக்கு வருகிறார். முதல் முறையாக நம் வீட்டுக்குள் வருகிறவர்கள் அப்பாவைச் சேற்றில் நிற்கிற கோலத்திலா பார்ப்பது என்றார். இதற்குத்தான் நான் வந்திருந்தேன், நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். மாமாவின் சேறு உங்கள் சம்பந்தி மேல் தெறிக்காது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அண்ணி எழுந்து சன்னலருகே போனார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாராம். அப்போது மாமா கிரேனில் ஏறவில்லை, மூட்டைதான். முதுகுத் தோல் வெடித்து உரிந்துகொண்டிருந்ததாம். அதில் உப்பு வியர்வை இறங்க, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சிரித்தாராம்.

"உனக்குத் தெரிஞ்சது ரிட்டையரான அப்பா, கலா. எனக்குத் தெரிஞ்சவரு வேற. வாழ்நாள் பூரா வெயில்லயே நின்னாரு. போட்டோலயாவது ஏர்கான்ல உக்காரட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

அதைக் கேட்டும் எனக்குக் கோபம் போகவில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணி சொன்ன வெயில் உண்மை. அதில் அவரை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் வேலை முடிந்து, ஓய்வூதியம் வந்து, நிழலில் உட்கார எல்லா வசதியும் இருந்தபோது அவரே அல்லவா திரும்ப வெயிலுக்குப் போனார்? யாரும் நிறுத்தி வைக்கவில்லையே? அந்த வெயில் அவருடைய சொந்த வெயில். அதைத் துடைக்க நமக்கு என்ன உரிமை? இதை அண்ணியிடம் சொன்னேன். உனக்குப் புரியாது என்றார். உங்களுக்குத்தான் புரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றார் செல்வம். இவர் எப்போதுமே இப்படித்தான். ஒரு மனுஷனுக்கு இரண்டு அப்பாவா என்று கேட்டேன், சாப்பிடப் போய்விட்டார். நான் யாரிடமும் சொல்லாமல் உபின் படத்தைத் தெம்பனிஸ் கடையில் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டேன். ஆனால் வெளியே வைக்கவில்லை. மகள் அவர், மருமகள் நான். அப்பாவின் திதியன்று மகளை அழவைத்துவிட்டுப் படையல் போட எனக்கு மனம் வரவில்லை. பாம் ஷெல்டரில் தூண்டில் கழிகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சீக்கிரமே வந்துவிட்டார். நானும் அவரும் முகம் பார்க்காமல் வடை சுட்டோம், பாயசம் வைத்தோம். முதல் வருஷம் சைவம்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கறி மீன் இல்லாமல் மாமா எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். கூடத்தில் முக்காலி போட்டு, கோட்டுப் படத்தை வைத்து, விளக்கேற்றினோம். இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. மாலை போடுவதற்கு முன் படத்தின் நெற்றியில் திருநீறு வைக்க வேண்டும். மூத்த பிள்ளை அண்ணிதான். திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போனார்.

மூன்று விரலால் தொட்டு எடுத்தார். கை கண்ணாடியருகே போனது. அங்கேயே நின்றது.

கொஞ்சம் மேலே கொண்டுபோனார், கொஞ்சம் கீழே இறக்கினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு மேல் கை படப்போகிறது என்று செல்வம் சொன்னார். அண்ணி கேட்டதாகத் தெரியவில்லை.

"எங்க வெக்கிறதுன்னு தெரியலயே" என்றார்.

அப்புறம்தான் எங்களிடம் சொன்னார். அப்பா துறைமுகத்துக்குக் கிளம்பும்போது திருநீறு பூசிவிடுவது அவருடைய வேலையாம். ஏழெட்டு வயதிலிருந்து. அப்போது தொப்பி இல்லை, ஹெல்மெட். ஹெல்மெட் மறைக்கிற வெள்ளைப் பட்டையில் பூசினால்தான் சாயங்காலம் வரை அழியாது என்று நெற்றிக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூசுவாராம். அந்தக் கோடு உபினில் வந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னாலேயே, உபினுக்கும் முன்னாலேயே இருந்திருக்கிறது.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"கலா, அந்தப் படம் வெச்சிருப்பியே. எடுத்துட்டு வா."

நான் படம் போட்டு வைத்திருக்கிறேன் என்று யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இரும்புக் கதவைத் திறந்து எடுத்துவந்தேன். கோட்டுப் படத்தை அண்ணியே எடுத்து, வந்த காகிதத்தில் சுற்றி, தன் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது கிளமெண்டிக்குப் போகும், அவர் வீட்டு ஏர்கானில் இருக்கும். இருக்கட்டும். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் பாக்கியிருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும்.

புதிய படத்தில் அவர் விரல் தேடவில்லை. நேராக வெள்ளைப் பட்டையில் பட்டது. யாழினி பக்கத்தில் வந்து நின்று, அத்தை பூசிய திருநீற்றுக்குக் கீழே கண்ணாடியில் விரலை வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டினாள்.

மாலை போடும்போது அண்ணிக்குப் பழைய யோசனை வந்துவிட்டது. சைவப் படையலில் மீனா என்றார். செல்வம் வேறு, சம்பந்தி அம்மாள் லிஃப்டில் வந்துகொண்டிருக்கிறார் என்றார். அண்ணி மாலையைக் கீழே இறக்கி, இரண்டு பக்கமும் சேர்த்து, கொடுவாவை மறைத்தார். வால் மட்டும் ரோஜா மாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்தும் மறைக்க முடியவில்லை.

சம்பந்தி அம்மாள் வந்தார். நல்ல உயரம், பட்டுப்புடவை, மெல்லிய குரல். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படத்தின் முன்னால் வந்து கும்பிட்டார். கும்பிட்டவர் கண்ணைத் திறந்து, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி பக்கத்தில் கையைப் பிசைந்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஒரு வார்த்தை தப்பாக வந்தால் சம்பந்தம் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

"கையில என்னங்க மீன் அது?" என்றார் சம்பந்தி அம்மாள்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"கொடுவா" என்றார். "எங்க அப்பா புடிச்சது."

சொல்லிவிட்டு முன்னால் போய், இரண்டு கையாலும் மாலையை மேலே தூக்கிக் காட்டினார்.